தலைவர் வீட்டு வெளிச்சம்

அந்தக் கார்த்திகையில் அடித்த மழைக்கு உடையார்கட்டுப் பக்கத்துக் குளங்களெல்லாம் நிரம்பி வழிந்து வான் பாயத் தொடங்கிவிட்டன. வாய்க்கால் கரையோரம் இருந்த குடும்பங்கள் பாயும் பானையுமாகப் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. கரண்ட் ஏற்கெனவே போயிருந்தது. எங்கேயோ கம்பியின்மேல் பாலைமரம் விழுந்து கிடக்கிறதாம், வெள்ளம் வடியுமட்டும் ஒருவரும் வரமாட்டார்களாம் என்று கதை வந்தது.

மண்டபத்துக்கு வந்தவர்கள் முதலில் கேட்டது ஜெனரேற்றரைத்தான். வெள்ளத்துக்கும் புயலுக்கும் உதவட்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொடுத்த மிசின் அது. மண்டபத்துக் கதிரைகள் களவு போன பிறகு, சங்கத் தலைவர் பிரதாபன் பாதுகாப்புக்கென்று அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தான்.

"தலைவர், மிசினைக் கொண்டுவருவமே? சின்னனுகள் இருட்டுக்க கிடந்து அழுதுகள்" என்று செயலாளர் சுஜிதன் கேட்டான்.

"அது பழுதடா தம்பி. காபரேற்றர் அடைச்சுப்போய்க் கிடக்கு. மழை விட்டாப்பிறகுதான் கழட்டிப் பாக்கவேணும்" என்றான் பிரதாபன்.

சொல்லி முடித்த பிறகுதான், எவ்வளவு சுகமாக அந்தப் பொய் வாயில் வந்தது என்று அவனுக்கே உறைத்தது. சுஜிதன் தலையாட்டிவிட்டு மெழுகுதிரி தேடப் போனான். தலைவர் சொன்னால் அதை யாரும் மறுபடி கேட்பதில்லை. அப்படியொரு பெயரைப் பிரதாபன் இத்தனை வருசமாகச் சம்பாதித்து வைத்திருந்தான்.

காரணம் அவனுடைய மகள் யதுர்ஷிகா. ஏ.எல். உயர்தரச் சோதனை தலைக்குமேல் நின்றது. போன முறை எடுத்த புள்ளி பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் போதாமல் போனதால் இது அவளுக்கு இரண்டாந் தரம். பிரதாபன் சோதனை எழுதவேண்டிய வருசத்தில் போரால் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து மரங்களுக்குக் கீழே கிடந்தது. தனக்குக் கிடையாமற் போனது இவளுக்குக் கிடைக்கவேண்டும் என்பது அவனுக்கு வெறி மாதிரி. மண்டபத்துக்கு மிசின் போனால் மழை விடும்வரைக்கும் திரும்பி வராது. பிள்ளை மெழுகுதிரியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிக்கவேண்டும். ஒரு நாள், இரண்டு நாள், பிறகு கொடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மனைவி தாட்சாயினிக்கு இது பிடிக்கவில்லை. "கைக்குழந்தையளோட சனம் அங்க இருக்கு. நாங்கள் இஞ்ச லைற் போட்டுக்கொண்டு இருக்கிறதே?"

"நாளைக்குக் குடுப்பம். உன்ர பிள்ளைக்குத்தானே செய்யிறன்."



அடுத்தநாள் காலை பக்கத்து வளவுச் சுப்பம்மா குடையோடு வந்தாள். மலையகத்திலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவள். வீட்டில் ரொட்டியும் இடியப்பமும் செய்து விற்றுத்தான் குடும்பம் ஓடியது. மண்டபத்துச் சனத்துக்கும் அவள்தான் விடியப்புறம் எழும்பிக் கூடை கூடையாக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். வாழையிலையில் சுற்றிய ரொட்டியையும் ஒரு கிண்ணத்தில் சம்பலையும் தாட்சாயினியிடம் நீட்டினாள்.

"விறகெல்லாம் நனைஞ்சிருக்கும்ல, எப்புடி சமைப்பீங்க. பாப்பா படிக்குதே, பசியோட படிக்க முடியுமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு பிரதாபன் மிசினை அடுப்பிருந்த குசினிக்குள் இழுத்து வைத்தான். வெளியில் வைத்தால் சத்தம் மண்டபம் வரைக்கும் கேட்கும். குசினி யன்னலைச் சாத்தி, இடுக்குகளில் உரப்பைகளை அடைத்தான். பின்கதவையும் பூட்டினான். புகை எங்கே போகும் என்று யோசிக்காமல் இல்லை. அடுப்புக்குமேல் புகைக்கூடு இருக்கிறது, விறகடுப்புப் புகை முழுக்க அதால்தானே போகிறது என்று முடிவெடுத்தான். குசினிக்கும் உள் வீட்டுக்கும் இடையிலிருந்த கதவுக்குக் கீழால் வயரை விட்டு, அறையில் லைற்றைப் போட்டான். சாரல் அடிக்கிறதென்று மற்ற யன்னல்களும் சாத்தியே இருந்தன. கூரையில் விழுந்த மழைச் சத்தத்துக்குள் மிசினின் சத்தம் அமுங்கிப்போனது. முற்றத்தில் இறங்கி நின்று காதைக் கொடுத்துப் பார்த்து, திருப்தியோடு உள்ளே வந்தான்.

யதுர்ஷிகா மேசையில் புத்தகத்தை விரித்தாள். தாட்சாயினி கட்டிலில் இருந்தபடி நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"தலை இடிக்குதப்பா. பெற்றோல் மணம் ஒத்துக்கொள்ளுதில்லைப்போல."

"பச்சைத்தண்ணியில முழுகினாய். அதுதான். கொஞ்சம் படு."

"குசினி யன்னலைக் கொஞ்சமாவது திறந்து விடுங்கோவன்."

"திறந்தாச் சத்தம் கேக்கும்" என்றான். பிறகு, தலைவர் ஆளைக் காணவில்லை என்று யாரும் தேடி வந்துவிடக்கூடாது என்பதற்காகக் குடையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனான்.

அங்கே அரிசி பங்கிட்டான், மலசலகூடத்துக்குத் தண்ணீர் அள்ள ஆள் வைத்தான். இருட்டுக்குள் ஒரு கிழவர் படியில் தடக்கி விழுந்து முழங்காலில் காயப்பட்டிருந்தார். அவருக்குத் துணி கட்டிவிடும்போது, "இந்த மிசினும் தேவையான நேரம் பாத்துத்தான் பழுதாப்போகும்" என்று அவர் புலம்பினார். பிரதாபன் ஓமென்று சொன்னான்.

பின்னேரம் வீட்டுக்குத் திரும்பி முன்கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது. லைற் எரிந்துகொண்டிருந்தது. யதுர்ஷிகா மேசையில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். நித்திரையாக்கும் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அசையவில்லை. தாட்சாயினி குசினிக் கதவடியில் நிலத்தில் கிடந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. மிசினை நிப்பாட்டத்தான் போயிருக்கிறாள், போய்ச் சேரவில்லை.

அந்த இடத்தில் பிரதாபன் செய்ததை அவன் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தான். அவளைக் கடந்து குசினிக்குள் ஓடி மிசினை நிப்பாட்டினான். அது செய்யத்தான் வேண்டும். ஆனால் நிப்பாட்டிய கையோடு, மூலையில் சுருட்டிக் கிடந்த நெல் காயப்போடுகிற படங்கை இழுத்து மிசினுக்குமேல் போட்டான். நாலு பக்கமும் மூடியிருக்கிறதா என்று பார்த்தான். வயரை இழுத்துச் சுருட்டிப் படங்குக்குக் கீழே தள்ளினான். அதன் பிறகுதான் மகளைத் தூக்கினான்.

விறாந்தையில் மகளைக் கிடத்தி, மனைவியையும் இழுத்துவந்து கிடத்தி, பிறகுதான் சத்தம் போட்டான். சுப்பம்மாவும் அவள் புருசன் வீரபாகுவும் மழைக்குள் வேலியைத் தாண்டிக்கொண்டு வந்தார்கள். சுப்பம்மா யதுர்ஷிகாவின் தலையை மடியில் எடுத்து வைத்தாள். தாட்சாயினி மெல்ல ஓங்காளித்து, தண்ணியாகச் சத்தி எடுத்தாள்.

"என்னங்கய்யா ஆச்சு? காலையில நல்லாத்தானே இருந்தாங்க?"

பிரதாபன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "காலமை சாப்பிட்ட ரொட்டி ஒத்துக்கொள்ளேல்லைப்போல கிடக்கு" என்றான்.

சுப்பம்மாவின் கை பிள்ளையின் தலையில் அப்படியே நின்றது. "நானுந்தாங்க அதைச் சாப்பிட்டேன்" என்றாள் மெதுவாக. அதற்குள் வீரபாகு தன் இருசில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்ரரை முற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். பெட்டியில் பாய் விரித்து இரண்டு பேரையும் ஏற்றி, மேலே தறப்பாளைப் பிடித்தபடி பிரதாபன் இருக்க, வெள்ளம் ஓடிய றோட்டில் சில்லு முழுக்கத் தாழத் தாழ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர்தான் நின்றா. வெள்ளத்தால் மாற்றாள் வரமுடியாமல், முதல் நாளிலிருந்து அவாதான் வேலை செய்கிறா என்று நேர்ஸ் சொன்னா. டொக்டர் இரண்டு பேரையும் சோதித்தா. விரலில் மாட்டுகிற கருவியைப் பார்த்து, ஒக்சிசன் அளவு நல்லாய்த்தான் காட்டுது என்றா. ஆனால் நெற்றி சுருங்கித்தான் இருந்தது.

"என்ன சாப்பிட்டவை?"

"ரொட்டியும் சம்பலும். வெளியில ஒராள் செய்து தந்தது."

"வயித்தோட்டம் இருந்ததே? காய்ச்சல்?"

"இல்லை. சத்திதான்."

"வீட்டுக்குள்ள கரி ஏதும் எரிச்சனீங்களே? பூச்சிமருந்து, மிசின், அப்பிடி ஏதும்?"

பக்கத்தில் வீரபாகு நின்றான். கட்டியிருந்த சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. கதவடியில் ஊர்க்காரர் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

"அப்பிடி ஒண்டுமில்லை" என்றான் பிரதாபன்.

சேலைன் ஏற்றினார்கள். தாட்சாயினி கண்ணைத் திறந்தாள், ஆனால் கதைக்கவில்லை. யதுர்ஷிகா முனகினாள், பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பிரதாபன் வெளியே கிடந்த மர வாங்கில் வந்து இருந்தான். மிசின் புகைதான் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் புகைதானே, நல்ல காத்துப் பட்டால் தெளிந்துவிடுவார்கள், சேலைனும் போகுது, இதை யாருக்கும் சொல்லத் தேவை வராது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. அந்த மனத்தை அவனுக்கே பிடிக்கவில்லை.

வீரபாகு ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் தேத்தண்ணி வாங்கிவந்து நீட்டினான். "குடிங்கய்யா. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது." பிரதாபன் வாங்கினான். குடிக்காமல் பக்கத்தில் வைத்தான்.

அப்போதுதான் போன் அடித்தது. மிசின் ஓடிய புண்ணியத்தில் அவனுடைய போனில் சார்ஜ் நிறைய இருந்தது. மறுபக்கத்தில் சுஜிதன்.

"தலைவர், அக்காவுக்கும் பிள்ளைக்கும் எப்பிடி? ஆஸ்பத்திரியில நிக்கிற எங்கட ஆக்கள் ரொட்டிக் கதையைப் போனில சொன்னவை. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. சுப்பம்மா சுட்ட ரொட்டி முழுக்க கிடங்கு வெட்டி மண்ணுக்க தாட்டாச்சு. சனம் அவாவோட சண்டைக்குப் போயிட்டுது. இனி அவாட்ட ஒருத்தரும் வாங்கக்கூடாதெண்டு சொல்லியாச்சு. சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிச்சிருக்கு."

பிரதாபன் வீரபாகுவைப் பார்த்தான். அவன் தள்ளி நின்று சாரத்தைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"இன்னொரு விசயம். உங்கட வீடு திறந்தபடி கிடந்தது, பூட்டுவம் எண்டு போனனான். குசினிக்க மிசின் இருந்தது. கூட வந்த என்ர மச்சான் ஒருக்கா இழுத்துப் பாப்பமெண்டான், ஒரே இழுவையில ஸ்ராட் வந்திட்டுது." சுஜிதன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு துளி சந்தேகமும் இல்லை. "இப்ப மண்டபத்துக்குக் கொண்டந்திட்டம். பின்னறைக்க வைச்சு ஓடுது. சாரல் படாமல் கதவு யன்னலெல்லாம் சாத்தியாச்சு. பிள்ளையள் வெளிச்சத்தைக் கண்டு துள்ளுதுகள்."

பிரதாபன் எழும்பிவிட்டான். "உள்ளுக்க வேண்டாம். வெளியில வைச்சு ஓடவிடு."

"வெளியில அடிக்கிற அடிக்கு நனைஞ்சுபோமே. பிறகு உண்மையாப் பழுதாப்போயிடும், தலைவர்."

"சுஜிதன், சொல்லுறதைக் கேள், அந்தப் புகை..."

தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தான். எடுக்க எடுக்க, தொடர்புகொள்ள முடியவில்லை என்ற குரல்தான் வந்தது. சுஜிதனின் போனில் மிஞ்சியிருந்த சார்ஜ் அதோடு தீர்ந்திருக்கவேண்டும். மண்டபத்தில் மற்ற எல்லாருடைய போனும் முதல் நாளே செத்துவிட்டது.

மண்டபம் முழுக்கப் பிள்ளைகள். முழங்காலில் கட்டுப் போட்ட கிழவர். கைக்குழந்தைகள்.

டொக்டர் வார்டிலிருந்து வெளியே வந்தா. "இது சாப்பாடு மாதிரித் தெரியேல்லை. மண்டபத்தில அதே ரொட்டியைச் சாப்பிட்ட வேற ஆருக்கும் ஒண்டுமில்லையெண்டு வாசலில நிண்ட உங்கட ஆக்கள் சொல்லினம். நீங்கள் எதையோ..."

"மிசின் ஓடினது" என்றான் பிரதாபன்.

டொக்டருக்கு அது சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "ஜெனரேற்றர். குசினிக்க வைச்சுப் பூட்டிப்போட்டு ஓடவிட்டனான். காலமையிலயிருந்து. பழுதெண்டு எல்லாருக்கும் பொய் சொன்னனான். சத்தம் கேக்கக்கூடாதெண்டு யன்னல் இடுக்கெல்லாம் சாக்கு அடைஞ்சனான். ரொட்டியில பிழையில்லை. நான் சொன்னது பொய்."

டொக்டர் அவனை ஒரு கணம் பார்த்தா. திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். உள்ளே திரும்பி நேர்ஸைக் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் மாஸ்க் போட்டு முழு அளவில் ஒக்சிசன் விடச் சொன்னா, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அம்புலன்சுக்கு அறிவிக்கச் சொன்னா. போகிற போக்கில், "இந்த விரல் மிசினுக்கு அந்த வாயு தெரியாது, நல்லாயிருக்கிற மாதிரித்தான் காட்டும். முதலே சொல்லியிருந்தா நேரம் போயிருக்காது" என்றா.

நடையில் வீரபாகுவும் அவனும் மட்டும் நின்றார்கள். வீரபாகு எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"அப்ப ரொட்டியில ஒண்ணும் இல்லீங்களா?"

"இல்லை."

வீரபாகு தலையை ஆட்டினான்.

"அண்ணை, மிசின் இப்ப மண்டபத்துக்க ஓடுது. கதவெல்லாம் சாத்தியிருக்கினமாம். போன் எடுக்குதில்லை. நான் வாறன், வெளிக்கிடுவம்."

அவ்வளவு காலமும் 'வீரபாகு' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். 'அண்ணை' என்பது இன்றைக்கு, தேவை வந்தபோதுதான் வாயில் வந்தது. அதையும் அவனால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க புள்ளகிட்ட இருங்க. நான் போயிச் சொல்லிக்கிறேன்."

"என்னெண்டு சொல்லுவியள்?"

"நீங்க இப்ப சொன்னதத்தாங்க" என்றான் வீரபாகு. வெளியே லான்ட்மாஸ்ரர் உறுமிக்கொண்டு மழைக்குள் போனது.

மண்டபத்தில் நடந்ததைப் பிறகு ஆளாள் சொல்லித்தான் பிரதாபன் அறிந்தான். வீரபாகு போய் இறங்கினபோது, சுப்பம்மாவின் புருசன் என்று சிலர் உள்ளே விடவில்லையாம். அவன் அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்னறைக் கதவை உதைத்துத் திறந்து மிசினை நிப்பாட்டினானாம். கதவு யன்னலெல்லாவற்றையும் திறந்துவிட்டு, எல்லாரையும் மழையென்றும் பாராமல் விறாந்தைக்கு வரச் சொன்னானாம். பின்னறைச் சுவரோடு படுத்திருந்த பிள்ளைகள் சிலர் தலையிடிக்கிறதென்று அழுதார்கள், ஒரு தாய் எழும்ப முடியாமல் சத்தி எடுத்தாள். அவர்களைப் பிரதேச சபை உழவு இயந்திரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடிய எல்லாரும் தெளிந்துவிட்டார்கள். ஒருவரும் சாகவில்லை. இதைச் சொன்ன ஒவ்வொருவரும் "கடவுளே எண்டு தப்பினம்" என்றுதான் முடித்தார்கள். பிரதாபன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

பெரியாஸ்பத்திரியில் யதுர்ஷிகாவுக்கு மெல்ல மெல்ல நினைவு திரும்பியது. மாஸ்க்கை விலக்கி முதல் கேட்டது, இன்றைக்கு என்ன நாள் என்று. சொல்லிக் கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டாள். வார்ட் டொக்டர், இது போகப்போகச் சரியாகும், ஆனால் ஞாபகமறதி கிழமைகள் கழித்தும் வரலாம், கட்டாயம் கிளினிக்குக்குக் கொண்டுவாங்கோ என்று சொன்னார். மிசினை எப்போதும் வீட்டுக்கு வெளியே, கதவு யன்னலுக்குத் தூரத்தில்தான் ஓடவிடவேண்டும், யன்னலைத் திறந்து வைத்தாலும் உள்ளே கூடாது என்றார். பூட்டின அறைக்குள் வைக்கிற தணல் சட்டியும் அதே வாயுவைத்தான் விடும் என்றார்.

"ஆனா எனக்குப் புகை பெரிசா மணக்கேல்லை" என்றான் பிரதாபன்.

"மணக்காது. நிறமும் இல்லை. அதாலதான் ஆள் அறியாமல் கொல்லுது."

யதுர்ஷிகா அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். "காபனோரொட்சைட்டு, காபன் மொனொக்சைட்" என்றாள் மெல்ல. "நான் படிச்சனான் அப்பா. இரத்தத்தில ஒக்சிசன்ர இடத்தில போய் ஒட்டிக்கொள்ளும். சோதனைக்கு எழுதியும் இருக்கிறன். எழும்பி யன்னலைத் திறக்கவேணும் எண்டு தோன்றேல்லை." கண்ணால் தண்ணீர் வழிந்தது. தான் செய்த பிழைக்கு மகள் வெட்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு அவன் நின்றான்.

தாட்சாயினி பக்கத்துக் கட்டிலில். மகள் நித்திரையான பிறகு அவள் சொன்னாள். "எனக்குக் கண் திறக்க ஏலேல்லை. ஆனா நீங்கள் வந்தது தெரியும். என்னைத் தாண்டிப் போனது தெரியும். படங்கு இழுக்கிற சத்தம் கேட்டது."

பிரதாபன் அவளுடைய கட்டிலடிக்கு வந்தான்.

"பிள்ளையைத் தூக்காமல் எதை இழுக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தனான்" என்றாள். பிறகு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்தப் பேச்சை அவள் அதற்குப் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவனுக்குப் பதில் சொல்ல ஒரு சந்தர்ப்பமாவது கிடைத்திருக்கும்.

வெள்ளம் வடிந்து வீட்டுக்கு வந்ததும் சங்கக் கூட்டம் கூடியது. பிரதாபன் எழும்பி நின்று நடந்ததைச் சொல்லி, தலைவர் பதவியை விட்டுவிடுகிறேன் என்றான். கூட்டத்தில் யாரும் சத்தம் போடவில்லை. சுஜிதன் மட்டும் அவனைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "என்னட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான். அவனுடைய மகளும் அன்றைக்குப் பின்னறைச் சுவரோடு படுத்த பிள்ளைகளில் ஒருத்தி.

அடுத்தநாள் காலையில் பிரதாபன் சுப்பம்மா வீட்டுக்குப் போனான். அடுப்பில் தோசைக்கல் இல்லை. மா வைக்கிற தகரப் பேணி கவிழ்ந்து கிடந்தது. சுப்பம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டாள். அவன் அதில் இருக்கவில்லை.

"அக்கா, நான் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சுப்பம்மா தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். "மன்னிக்கிறதுக்கு என்னங்க இருக்கு. புள்ள பொழைச்சிச்சே, அது போதும். ஆனா ஒண்ணு சொல்றேன். இம்புட்டு வருசமா இந்த ஊருல இருக்கோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னதும் ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து கேக்கலீங்க. நேரா கெடங்கு வெட்டிட்டாங்க. எங்க ரொட்டின்னா அப்புடியும் இருக்கும்னு அவுங்களுக்கு ஈசியா நம்ப முடிஞ்சுச்சு."

"கூட்டத்தில சொல்லியிருக்கிறன், அக்கா."

"கூட்டத்துக்கு ஆம்பளைங்கதான் வந்தாங்க. வீட்டுல சாப்பாடு வாங்குறது பொம்பளைங்க. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வாங்க வரல." அவள் குரல் உயரவில்லை. "நீங்க போயி வீடு வீடா சொல்லுங்க. நான் போயிச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

அவன் போனான். சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக, ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்றான். சில வீடுகளில் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்கள். சில வீடுகளில் படலையைத் திறக்காமலே கேட்டார்கள். அப்புத்துரை வீட்டில், "சொல்லி முடிஞ்சுதே?" என்று கேட்டுவிட்டு அந்த மனுசன் உள்ளே போய்விட்டார். மத்தியானத்துக்குள் சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிவிடும் என்று பிரதாபன் நினைத்திருந்தான். பழகவில்லை. ஒவ்வொரு முறையும் 'மிசின் பழுதெண்டு பொய் சொன்னனான்' என்ற இடம் வரும்போது முகம் எரிந்தது.

ஒழுங்கைக் கடைசியில் ரஜிதாவின் வீடு. பிள்ளை பிறந்து ஒரு மாதமும் ஆகவில்லை. புருசன் கொக்கிளாய்ப் பக்கம் மீன்வாடியில் வேலை. முன்கதவு திறந்துதான் இருந்தது. கூப்பிட்டதற்கு உள்ளிருந்து, "பிள்ளையைக் குளிக்க வார்த்துப்போட்டுப் படுத்துக் கிடக்கிறன், வந்து சொல்லுங்கோ அண்ணை" என்று குரல் வந்தது. குரலில் ஒரு சோர்வு.

அவன் விறாந்தையில் ஏறி அறை வாசலில் நின்றான். குளிர் படக்கூடாதென்று யன்னல் சாத்தியிருந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு மண்சட்டியில் சிரட்டைத் தணல் சிவந்து கிடந்தது. கட்டிலில் தாயும் பிள்ளையும்.

"ரஜிதா, அந்தச் சட்டியை வெளியில எடு. இப்பவே."

"ஏன் அண்ணை? பிள்ளைக்குக் குளிர். எங்கட அம்மாவும் இப்பிடித்தான் வைச்சவா."

அவன் சொல்லிக்கொண்டிருக்காமல் உள்ளே வந்து யன்னலைத் தள்ளித் திறந்தான். தோளில் கிடந்த துவாயை மடித்து, சுடச்சுடச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்தான். திரும்பி வந்தபோது ரஜிதா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி எழும்பி இருந்தாள். கோபமா பயமா என்று தெரியாத பார்வை.

"தலையிடிக்குதே?" என்று கேட்டான்.

"கொஞ்சம். காலமையிலயிருந்து."

"விறாந்தைக்கு வா. பிள்ளையைப் போர்த்து, உன்ர உடம்போட வைச்சுக்கொள், அந்தச் சூடு காணும். இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில காட்டத்தான் வேணும், நான் ஓட்டோவுக்குச் சொல்லுறன். இனி ஒருநாளும் பூட்டின அறைக்குள்ள தணல் வைக்காத."

போன் எடுத்து ஓட்டோக்காரப் பெடியனுக்குச் சொன்னான். ரஜிதா வெளியில் வந்து விறாந்தைத் திண்ணையில் இருந்தாள். காற்றுப் பட்டதும் ஒரு நீண்ட மூச்சு விட்டாள். பிள்ளை சிணுங்கி, பிறகு நல்ல குரலெடுத்து அழுதது.

"தணல் இப்பிடிச் செய்யுமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும், அண்ணை?" என்று அவள் கேட்டாள். அவள் ஆஸ்பத்திரியிலும் தாய் வீட்டிலுமாக இருந்தவள். ஊர்க்கதை ஒன்றும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

டொக்டர் சொன்னார் என்று சொல்லி விட்டுவிடலாம். அது பொய்யும் இல்லை. பிரதாபன் எதிரே இருந்த திண்ணைக் குந்தில் உட்கார்ந்தான். முகம் எரியத் தொடங்கியது.

"மழைக்க மண்டபத்துச் சனம் மிசின் கேட்டது" என்று தொடங்கினான்.